நீர்நாய்கள் இறங்காத ஆறு

இன்று காலை உன் லென்ஸைத் துடைக்க எடுத்தேன். இந்த ஊர் ஈரத்தில் எதையும் நம்பி மூடிவைக்க முடியாது. மாதம் ஒருமுறையாவது வெளியே எடுத்துக் காற்றாட வைக்காவிட்டால் உள்ளே பூஞ்சை படர்ந்துவிடும். ஃபோகஸ் வளையத்தைச் சுற்றியபோது நறநறவென்று ஏதோ அரைபட்டது. பல் குத்தும் குச்சியால் இடுக்கைச் சுரண்டினேன். சாம்பல் நிறத்தில் காய்ந்த சேறு, பொடிப்பொடியாக மேசை விரிப்பில் உதிர்ந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து முகர்ந்து பார்த்தேன். உப்பும் அழுகிய இலையும் கலந்த அதே வாடை. ஜன்னலுக்குக் கீழே ஜார்ஜ்டவுன் வழக்கம்போல் இரைந்துகொண்டிருந்தது.

உனக்கு எழுத வேண்டும் என்று ஓராண்டுக்கு மேலாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எழுத உட்கார்ந்தால் அந்த மூன்று சனிக்கிழமைகளையும் எழுதாமல் தப்ப முடியாது. அதனால்தான் தள்ளிப்போட்டு வந்தேன்.

நீ இதை வாங்கிய அன்று நானும் உன்னோடுதான் இருந்தேன். பழைய சாமான் சந்தையில், உடைந்த மின்விசிறிகளுக்கும் ஜோடியில்லாத ரப்பர் காலணிகளுக்கும் நடுவில் கிடந்தது. விற்றவருக்கு அது என்னவென்றே தெரியவில்லை. பால்மாவு டின் மாதிரி குட்டையாக, பருமனாக இருந்ததைப் பார்த்து நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. முன்பக்கக் கண்ணாடியின் நடுவில் இருந்த கறுப்பு வட்டத்தை விரலால் தடவிக்கொண்டே, இதற்குள் வில்லைகளோடு இரண்டு ஆடிகள் இருக்கின்றன, வெளிச்சம் உள்ளே போய்ப் பின்னால் மோதித் திரும்பி, முன்னால் மோதி மறுபடியும் திரும்பி வருகிறது, முழங்கை நீளத்துக்கு இருக்க வேண்டிய லென்ஸை மடித்து இந்த டின்னுக்குள் வைத்துவிட்டார்கள் என்று விளக்கினாய். அதற்கு நம் வயது இருக்கலாம் என்றாய். வாங்கியே விட்டாய்.

புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் நீ செய்த வேலை எனக்குத் தெரியும். நுண்ணோக்கிக்குக் கீழே நகரும் சின்னச்சின்ன மின்னணுப் பலகைகளில் ஈயப்பற்று சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கும் வேலை. "ஆறு நாளும் கண்ணுக்குக் கிட்ட இருக்கறதையே பார்க்கறேன்டா அந்தோணி. ஒரு நாளாவது தூரத்துல இருக்கறத பார்க்கறனே" என்றாய். அதற்குமேல் நான் கேலி செய்யவில்லை.

தொல்லை பிடித்த லென்ஸ் அது. வெளிச்சத் திறப்பைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. மேகம் மூடினால் படம் ஆடிப்போகும். ஃபோகஸைக் கையால்தான் பிடிக்க வேண்டும்; மயிரிழை பிசகினாலும் போச்சு. எல்லாவற்றுக்கும் மேலே அந்த வளையங்கள். பின்னணியில் மினுங்குவதெல்லாம் ஓட்டை வடை மாதிரி வளையம் வளையமாக விழும். ஆற்றுத் தண்ணீரில் வெயில் பட்டால் படம் முழுக்க அதுதான். என் நவீன லென்ஸோடு ஒப்பிட்டு, இதெல்லாம் படத்தைக் கெடுக்கிறது என்பேன். தண்ணீர் பூத்த மாதிரி இருக்கிறது என்பாய் நீ.

சனிக்கிழமைகளில் நான் இந்தத் தீவிலிருந்து காலை ஃபெர்ரியில் அக்கரைக்கு வருவேன். பட்டர்வொர்த் முனையத்துக்கு வெளியே நீ மோட்டார் சைக்கிளோடு நிற்பாய். பாகான் டாலாமில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவர்கள் நாம். கல்யாணத்துக்குப் பிறகு நான் தீவுக்கு வந்து ஒரு கப்பல் கம்பெனியில் கிராணியாக, கணக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ பிறந்த இடத்திலேயே இருந்தாய். ஐம்பதைத் தாண்டிய பிறகு நம்மைத் திரும்பச் சேர்த்தது, நாம் படம் எடுக்கப் போன அந்த ஆறுதான்.

ஆற்றுக்குள் நீண்டிருக்கும் பழைய மரப் படகுத்துறை. தூண்டில்காரர்கள் உட்கார ஒரு தகரக் கொட்டகை. எதிர்க்கரையில் பாக்காவ் என்னும் அலையாத்தி மரங்கள் வேர்களை விரித்து நிற்கும் சேற்றுத் திட்டு. அந்தத் திட்டில்தான் நீர்நாய்கள் சறுக்கி விளையாடும். நாம் போகத் தொடங்கியபோது ஏழு இருந்தன. ஒன்றுக்குக் காது கிழிந்திருக்கும். அவை மீனைப் பிடித்து வந்து, தலையிலிருந்து கடித்துத் தின்னும் சத்தம் இக்கரைவரை கேட்கும். தண்ணீர் வற்றும் நேரத்தில் மக்சிக் வருவார். அவருடைய பெயரை நாம் கேட்டதே இல்லை. வயதான மலாய்ப் பெண்களை எல்லோரும் கூப்பிடுவதுபோல் மக்சிக் என்றுதான் கூப்பிட்டோம். பாவாடையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, காலால் துழாவிச் சிப்பி எடுப்பார். கயிற்றில் கட்டிய நீல வாளி அவருக்குப் பின்னாலேயே மிதந்து வரும்.

நீர்நாய்கள் குறைந்ததை முதலில் கவனித்தவன் நீ. ஆறுதான் இருக்கின்றன என்றாய். குட்டி எங்காவது வேருக்குள் இருக்கும் என்றேன். அடுத்த மாதம் ஐந்து. காது கிழிந்ததைக் காணோம். யாராவது கண்ணி வைக்கிறார்களோ என்று நாம் எதிர்க்கரை வழியாகச் சுற்றிப் போய்த் தேடினோம். கண்ணியும் இல்லை, கயிறும் இல்லை. சேற்றில் ஓரிடத்தில் மட்டும், கனமான மூட்டை ஒன்றைத் தண்ணீருக்குள் இழுத்துப்போனதுபோல் அகலமாக ஒரு தடம். படகை இழுத்திருப்பார்கள் என்றேன். நீ குனிந்து, தடத்தின் இருபுறமும் பார்த்தாய். பிறகு, போகலாம் வா என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாய்.

அந்த முதல் சனிக்கிழமை காற்றே இல்லை. நாரைகள்கூட மரத்தை விட்டு இறங்கவில்லை. மிச்சமிருந்த ஐந்து நீர்நாய்களும் திட்டின்மேல் வரிசையாக நின்றன. பின்னங்கால்களில் எழும்பி, கழுத்தை நீட்டி, எல்லாம் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. தண்ணீரில் இறங்கவில்லை. சத்தமும் போடவில்லை. அவை அப்படிச் சும்மா நின்று நான் பார்த்ததே இல்லை. நான் அவற்றைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். நீ அவை பார்த்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இங்க வந்து பாரு" என்றாய், உதட்டை அசைக்காமல்.

உன் கேமராவுக்குப் பின்னால் குனிந்தேன். வளையங்கள். வெள்ளி வளையங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக நடுங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவில் வளையமாகாத ஒன்று. இரண்டு புடைப்புகள், சற்று இடைவெளி விட்டு இன்னும் இரண்டு, அதற்குப் பின்னால் ரம்பம்போல ஒரு வரிசை. உடும்பு நீந்தினால் உடம்பு வளையும், தலை தூக்கியிருக்கும், தண்ணீரைக் கீறும். இது தண்ணீரைக் கீறவில்லை. நீரோட்டத்துக்கு எதிராக, ஒரு சலனமும் இல்லாமல் மேலேறி வந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அமிழ்ந்தது. அமிழ்ந்த இடத்தில் ஒரு குமிழிகூட இல்லை.

உடனே கொட்டகையில் போய்ச் சொல்ல வேண்டும் என்றாய். நான்தான் உன் கையைப் பிடித்தேன். நீ எடுத்த நான்கு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தோம். காலை வெளிச்சம் போதாமல் எல்லாம் ஆடியிருந்தன. வளையங்களுக்குள் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது, அவ்வளவுதான். இதைக் காட்டினால் சிரிப்பார்கள், தெளிவாக ஒரு படம் கிடைக்கட்டும், பிறகு சொல்லலாம் என்றேன். அது நியாயமான பேச்சுத்தான். ஆனால் அதற்கு அடியில் இருந்ததை நான் உன்னிடம் சொல்லவில்லை. என் நீர்நாய்ப் படங்களை ஜார்ஜ்டவுனில் ஒரு சின்னக் கண்காட்சிக்கு எடுத்திருந்தார்கள். அடுத்த மாதம் இருபது பேரை அந்தத் துறைக்கு அழைத்துப் போய்க் காட்டுவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் என் பெயரைச் சுவரில் எழுதி வைக்கப்போவது அதுவே முதல் தடவை. முதலை என்று ஒரு வார்த்தை வெளியே போனால் துறையை மூடிவிடுவார்கள்.

நீ அந்த வாரம் முழுக்கச் சும்மா இருக்கவில்லை. வனவிலங்கு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லி, அந்த மங்கலான படங்களையே அனுப்பி வைத்தாய். வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். வருகிறவரை ஆட்களைத் தண்ணீரிலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என்று அந்தக் கம்பத்து ஊர்த்தலைவரைத் தேடிப் போய்ச் சொன்னாய்.

இரண்டாவது சனிக்கிழமை நாம் போனபோது கொட்டகையில் கூட்டமாக இருந்தது. தலைவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தூண்டில்காரர்கள் ஏழெட்டுப் பேர். அவர்களில் மூத்தவர் லாரி ஓட்டும் முனியாண்டி அண்ணன். மக்சிக் வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். கொட்டகையிலேயே கிடக்கும் பழுப்பு நாயைக் காணவில்லை. மூன்று நாளாகக் காணோம், நாய் பிடிக்கிறவர்கள் கொண்டுபோயிருப்பார்கள் என்றார்கள். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

உன் படங்களைக் கைக்குக் கை மாற்றிப் பார்த்தார்கள். ஒருவர் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். என்ன இது, எல்லாம் வளையமாக இருக்கிறதே என்று கேட்டார். சிரிப்பு எழுந்தது. முனியாண்டி அண்ணன் உன் தோளில் தட்டி, "இது பியாவாக் லா தம்பி. நாப்பது வருசமா இங்க தூண்டில் போடறேன், உடும்பத் தவிர வேற ஒண்ணையும் பார்த்ததில்ல" என்றார். நீ கோபப்படவில்லை. தடத்தைப் பற்றிச் சொன்னாய், நீர்நாய்களைப் பற்றிச் சொன்னாய், நாயைப் பற்றியும் சொன்னாய். மலாயிலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொன்னாய். குரல் உயர உயர அவர்கள் முகத்தில் சிரிப்புக் கூடியது.

தலைவர் நல்ல மனிதர். கையைக் காட்டிச் சிரிப்பை அடக்கினார். ஒருவர் சொன்னால் கண் ஏமாற்றியிருக்கலாம். இரண்டு பேர் பார்த்திருந்தால் இன்றைக்கே துறையை அடைத்துவிடுகிறேன் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, நீங்களும் கூட இருந்தீர்களாமே, நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சிரிக்கத் தயாராக இருந்த முகங்கள்.

"சரியா தெரியல" என்றேன். "கட்டையா இருந்தாலும் இருக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னேன். கொட்டகை கலகலப்பாகிவிட்டது. மக்சிக் சிரித்துக்கொண்டே உன் முழங்கையைத் தட்டி, கவலைப்படாதே என்று மலாயில் சொல்லிவிட்டுத் தண்ணீரை நோக்கி நடந்தார். நீ துறையின் விளிம்பில் போய் நின்றுகொண்டு, அவர் சிப்பி எடுத்து முடித்துக் கரையேறும்வரை கண்ணை எடுக்காமல் தண்ணீரையே பார்த்தாய். கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

ஃபெர்ரி முனையத்தில் நான் மோட்டாரிலிருந்து இறங்கித் தலைக்கவசத்தைக் கொடுத்தபோது சொன்னாய்.

"நீ பார்த்தது எனக்குத் தெரியும்டா."

அதில் கோபம் இருந்திருந்தால் நான் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். தெரியாதவன் ஒருவனிடம் வழி சொல்லுவதுபோலச் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாய். ஃபெர்ரியில் மேல்தளத்தில் நின்று கீழே பார்த்தேன். அத்தனை வருஷம் கடந்த கடல். அன்றுதான் அதன் அடியில் என்ன இருக்கிறது என்று முதன்முறையாக நினைத்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை நான் வரவில்லை. கோயிலில் வேலை இருக்கிறது என்று செய்தி அனுப்பினேன். கோயிலில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. வீட்டில் உட்கார்ந்து, கண்காட்சிப் படங்களுக்கு எந்தச் சட்டம் போடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதரை மணிக்கு உன் மனைவி செல்வி அழைத்தார். அவருடைய குரலுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அன்று நடந்ததை மக்சிக் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நீ விடிந்ததும் வந்துவிட்டாயாம். துறையின் முனையில் முக்காலியை ஊன்றி, அதன் பின்னால் நின்றிருக்கிறாய். அவர் இறங்கும்போது போகாதீர்கள் என்று கெஞ்சியிருக்கிறாய். அவர் சிரித்துவிட்டு இறங்கியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில், ஏறுங்கள், மேலே ஏறுங்கள் என்று நீ கத்தும் குரல் கேட்டிருக்கிறது. அவர் திரும்பிப் பார்த்துக் கையசைத்திருக்கிறார். கேமராவை அப்படியே விட்டுவிட்டு நீ துறையிலிருந்து சேற்றில் குதித்தாயாம். முழங்கால்வரை புதைந்து, காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்து, விழுந்து எழுந்து, அவரிடம் போய்ச் சேர்ந்தாயாம். பேசவில்லை. அவருடைய கையைப் பிடித்துக் கரையைப் பார்த்து இழுத்திருக்கிறாய். பைத்தியம் முற்றிவிட்டது என்று நினைத்து, மற்றக் கையால் உன் முதுகில் அடித்துக்கொண்டே வந்ததாகச் சொன்னார். அடித்ததைச் சொல்லும்போது அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கரையில் ஏறியதும் வாளி நினைவு வந்து திரும்பியிருக்கிறார். கயிறு கைநழுவி, வாளி பின்னால் தங்கிவிட்டிருந்தது. சும்மா மிதந்துகொண்டிருந்ததாம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்குக் கீழே தண்ணீர் உப்பியது. வாளி ஒரு பக்கமாகச் சாய்ந்து, உள்ளே போனது. பிறகு மேலே வரவே இல்லை.

உன்னிடம் சொல்லத் திரும்பியபோது நீ சேற்றில் உட்கார்ந்திருந்தாய். ஓட்டத்தின் களைப்பில் இளைப்பாறுகிறாய் என்றுதான் நினைத்தாராம். ஒரு கை நெஞ்சில் இருந்தது. கண் திறந்திருந்தது. தண்ணீரைப் பார்த்தபடியே இருந்ததாகச் சொன்னார். தூண்டில்காரர்கள் உன்னைத் தூக்கி வந்து கொட்டகையில் கிடத்தினார்கள். முனியாண்டி அண்ணன்தான் ஆம்புலன்ஸ் வரும்வரை உன் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தாராம்.

உன் கேமராவில் கடைசியாகப் பன்னிரண்டு படங்கள் இருந்தன. ஒன்பது படங்களில் வெறும் தண்ணீர், வெறும் வளையங்கள். பத்தாவதில் வளையங்கள் இல்லை. வெயில் மேகத்துக்குள் போன நொடியாக இருக்க வேண்டும். தலை முழுவதும் மேலே இருந்தது. நெற்றிச் செதில்களை எண்ணலாம். கண்ணில் நட்டுக்குத்தான பிளவு. அதில் துறையின் மரத்தூண்கள்கூடத் தெரிந்தன. அந்தப் பழைய லென்ஸ் அவ்வளவு கூர்மையாக ஒன்றைப் பிடித்து நான் பார்த்ததில்லை. நான் கேட்ட தெளிவான படம். பதினோராவதில் அதே தலை, இன்னும் கிட்டே. படத்தின் மூலையில், ஃபோகஸுக்கு வெளியே, நீலமாக ஒரு கறை. பன்னிரண்டாவதில் வானம் சாய்ந்திருந்தது; நீ விட்டுவிட்டுக் குதித்தபோது முக்காலி சரிந்திருக்க வேண்டும்.

அந்தப் படத்தைப் பார்த்த பிறகு யாரும் கேள்வி கேட்கவில்லை. அன்று மாலைக்குள் துறையை அடைத்தார்கள். பொறி வைத்து மூன்று வாரத்தில் பிடித்தார்கள். நானும் போயிருந்தேன். வாயை ரப்பர் பட்டையால் சுற்றி, கண்ணைத் துணியால் மூடி, லாரியில் ஏற்றியிருந்தார்கள். ஜனங்கள் முண்டியடித்து அதனோடு செல்ஃபி எடுத்தார்கள். துணி விலகியபோது ஒரு கண் தெரிந்தது. எனக்கு அதன்மேல் கோபம் வரவில்லை. அது தன் பசியை யாரிடமும் மறைக்கவில்லை. ஒன்று மட்டும் உன்னிடம் சொல்ல வேண்டும். லாரி போன பிறகு எதிர்க்கரையைப் பார்த்தேன். நீர்நாய்கள் மூன்றுதான் இருந்தன. திட்டின்மேல் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தன. நான் இருட்டத் தொடங்கும்வரை இருந்தேன். அவை இறங்கவில்லை. உள்ளே இன்னொன்று இருக்கலாம் என்று தலைவரிடம் போய்ச் சொன்னேன். என்னைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. துறை இன்றுவரை அடைத்தே இருக்கிறது.

கண்காட்சிக்கு என் படங்களைக் கொடுக்கவில்லை. இதைப் பெரிய தியாகமாகச் சொல்லவில்லை. அவற்றைப் பார்க்கவே முடியவில்லை. ஒவ்வொரு படத்திலும் நீர்நாய்களின் கழுத்து ஒரே பக்கம் திரும்பியிருக்கிறது.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்தேன். எல்லோரும் போன பிறகு செல்வி என்னை இருக்கச் சொன்னார். அலமாரியிலிருந்து லென்ஸை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் தொடவில்லை. அவர் எதிரில் உட்கார்ந்தார். முகத்தில் அழுகை இல்லை. நெடுநேரமாக யோசித்து வைத்திருந்ததை எடுப்பதுபோல் மெல்லப் பேசினார். அந்தக் கடைசி வாரம் நீ வீட்டில் தூங்கவே இல்லையாம். படங்களைப் பார்த்துப் பார்த்து, உனக்கே உன் கண்மேல் சந்தேகம் வந்துவிட்டதாம். ஒருவேளை கட்டைதானோ என்று அவரிடம் கேட்டாயாம். அதை நிச்சயப்படுத்திக்கொள்ளத்தான் தனியாகப் போனாயாம்.

முனையத்தில் நீ சொன்னதுதான் இத்தனை நாளும் எனக்கு ஒரு பிடியாக இருந்தது. நான் பொய் சொன்னேன், ஆனால் அது பொய் என்று உனக்குத் தெரியும் என்று. அந்தப் பிடியும் போயிற்று. உன் கண்ணை உனக்கே எதிரியாக்கியிருக்கிறேன்.

"அண்ணே, உண்மைய சொல்லுங்க. நீங்க அத பார்த்தீங்களா?"

"பார்த்தேன்மா" என்றேன். "அவன் பார்த்த மாதிரியே நல்லா பார்த்தேன்."

செல்வி தலையசைத்தார். வெளியே மாடிப்படியில் யாரோ மோட்டார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, பிறகு கேட்டார்.

"அப்ப அன்னைக்கு கேட்டப்ப ஏன்ணே சொல்லல?"

கண்காட்சியைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். உன் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சுவரில் என் பெயர் எழுதப்போகிறார்கள் என்று அங்கே உட்கார்ந்து எப்படிச் சொல்வது? சிரிப்பார்கள் என்று பயந்தேன் என்பதையாவது சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை. செல்வி எழுந்து சமையலறைக்குப் போய், தட்டில் சோறு போட்டு, உனக்குப் பிடித்த கத்திரிக்காய்க் குழம்பை ஊற்றி, கொண்டுவந்து வைத்தார்.

"சாப்பிட்டுப் போங்கண்ணே" என்றார்.

குனிந்துகொண்டு சாப்பிட்டேன். தட்டு காலியானதும் கேட்காமலே இன்னொரு கரண்டி போட்டார். அதையும் சாப்பிட்டேன். ஃபெர்ரியில் திரும்பும்போது லென்ஸ் மடியில் கனத்தது. அதைவிட அதிகமாக அந்தச் சோறு கனத்தது. இன்னும் அது எனக்குள் அப்படியேதான் இருக்கிறது.